சேர்வராயன் மலைக் காப்பி வணிகத் தாராளமயமாக்கல்

தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் உள்ள சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்கள், 1992 முதல் 1996 வரையான காலத்தில் அரசின் கட்டுப்பாட்டு விற்பனையிலிருந்து திறந்த சந்தைக்கு மாறின. 1991இல் இந்தியா வெளிநாட்டு உதவி பெற்றுத் தன் பொருளாதாரக் கொள்கையை மாற்றிக்கொண்டதைத் தொடர்ந்து இம்மாற்றம் நிகழ்ந்தது.

பழைய விற்பனை முறை

ஏற்காட்டில் காப்பிப் பயிர், சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் காலத்தில், 1820களில் அறிமுகமானது. சில்வர் ஓக் மரங்களின் நிழலில், மிளகுக் கொடிகளோடு சேர்த்து, பெரும்பாலும் அராபிக்கா வகை பயிரிடப்படுகிறது. பெருந்தோட்டங்களோடு, மலையாளிப் பழங்குடியினரின் சிறு தோட்டங்களும் உள்ளன.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது விவசாயிகளைக் காக்க ஏற்பட்டதே 1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டம். போர் முடிந்தும் அது கொணர்ந்த முறை அரை நூற்றாண்டு நீடித்தது. விளைச்சல் முழுவதையும் 'பூல்' எனப்பட்ட பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். காப்பி வாரியம் அதை ஏலத்தில் விற்று, பணத்தைத் தவணைகளாக வழங்கும். காப்பியைக் கொடுத்த விவசாயி இறுதித் தவணைக்கு நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. எனினும் விலை ஏற்றத்தாழ்வு அவரை நேரடியாகத் தாக்கவில்லை. ரூபாயிலேயே கணக்குத் தீர்த்த சோவியத் ஒன்றியம், இந்தியக் காப்பியைப் பெருமளவில் வாங்கியது.

1991 நெருக்கடியும் உதவியும்

1989 சூலையில் அனைத்துலகக் காப்பி உடன்படிக்கையின் ஏற்றுமதிப் பங்கீடு கைவிடப்பட்டு உலக விலை சரிந்தது. 1991 நடுப்பகுதியில் இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதுமானதாக இருந்தது. இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை ஈடு வைத்து, சுமார் 40 கோடி டாலர் கடன் பெறப்பட்டது. அக்டோபரில் அனைத்துலக நாணய நிதியம் சுமார் 220 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. டிசம்பரில் உலக வங்கி 50 கோடி டாலர் வழங்க இசைந்தது. 1958 முதல் உலக வங்கியின் தலைமையில் இயங்கிய இந்திய உதவிக் கூட்டமைப்பில் ஜப்பான், செருமனி, பிரித்தானியா முதலிய அரசுகள் இருந்தன.

இவை நன்கொடைகள் அல்ல, பெரும்பாலும் கடன்கள். வரவு செலவுப் பற்றாக்குறையைக் குறைத்தல், தொழில் உரிமக் கட்டுப்பாடுகளைத் தளர்த்துதல், இறக்குமதி வரிகளைத் தாழ்த்துதல் ஆகியவற்றுடன் இக்கடன்கள் பிணைக்கப்பட்டிருந்தன. 2000 மே மாதத்துடன் இந்தியா நாணய நிதியக் கடனை முழுவதும் அடைத்தது.

சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் கலைந்ததும் ரூபாய் வணிகம் முறிந்தது. முன்பு அந்நாடு அளித்த கடன்களைப் பொருள்களாகத் திருப்பிச் செலுத்த 1993 சனவரியில் ரஷ்யாவுடன் உடன்பாடு ஏற்பட்டது. கடனை அடைக்க அனுப்பிய சரக்குகளில் காப்பியும் ஒன்று.

திறந்த சந்தை

காப்பி விற்பனைச் சுதந்திரத்தை வெளிநாட்டு உதவியின் விளைவு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. விவசாயிகளும் அதைக் கோரினர். 1992–93 பருவத்தில் விளைச்சலில் 30 விழுக்காட்டை உள்நாட்டில் தாமே விற்க உரிமை கிடைத்தது. பின்னர் அவ்வளவு படிப்படியாக உயர்ந்து, 1996 செப்டம்பரில் அனைவருக்கும் முழு உரிமை வழங்கப்பட்டது.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1994இல் பிரேசிலில் உறைபனி பயிரை அழித்ததால் விலை உயர்ந்தது. 1997 மே மாதத்தில் அராபிக்கா நியூயார்க் சந்தையில் பவுண்டுக்கு 3 டாலரைத் தாண்டியது. பிறகு வியட்நாம், பிரேசில் உற்பத்தி பெருக, 2001இல் அது அரை டாலருக்கும் கீழே இறங்கியது.  இவ்வீழ்ச்சியின் சுமை விவசாயியை நேரடியாகத் தாக்கியது. ஊடுபயிரான மிளகு வைத்திருந்தோருக்குத் தனி வருவாய் இருந்தது.

2003 ஏப்ரலில் நடுவண் அரசு, 4 எக்டேர் வரையுள்ள காப்பி, தேயிலை, ரப்பர், புகையிலை விவசாயிகளுக்காக விலை நிலைப்படுத்தும் நிதியம் அமைத்தது. சேர்ந்தோர் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அத்திட்டம் 2013இல் முடிவுற்றது.