நியூஹேவன் மீனவர்களின் பழைய புகைப்படங்கள்

எடின்பரோ நகரத்துக்கு வடக்கே, ஃபோர்த் முகத்துவாரத்தின் கரையில் இருக்கும் ஊர் நியூஹேவன். இன்று அது நகரத்தோடு ஒட்டிப்போன ஒரு பகுதி; 2023 ஜூன் முதல் அங்கே ட்ராம் ஓடுகிறது. 1500களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் கப்பல் கட்டும் துறையாக இதை உண்டாக்கினார். 'கிரேட் மைக்கேல்' என்ற பெரிய போர்க்கப்பல் 1511இல் இங்கிருந்து நீரில் இறங்கியது. அதன் பிறகு பல தலைமுறைகளுக்கு இது மீனவர் ஊர்.

புகைப்பட வரலாற்றில் இந்தச் சின்ன ஊருக்குத் தனி இடம் உண்டு. புகைப்படக்கலை பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த 1840களில் இரண்டு பேர் இவ்வூர் மக்களை நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் பதிவு செய்தார்கள். ஒருவர் ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில். மற்றவர் ராபர்ட் ஆடம்சன். ஆடம்சன் பொறியியல் பயின்றவர். உடல்நலம் இடம் தராததால் அதை விட்டுவிட்டுப் புகைப்படத்துக்கு வந்தார். நானும் பொறியியல் படித்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவன் என்பதால் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம்.

இவர்கள் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு மதப்பிளவு. 1843 மே மாதம் ஸ்காட்லாந்து திருச்சபையிலிருந்து நூற்றுக்கணக்கான போதகர்கள் வெளியேறினார்கள். அந்த நிகழ்ச்சியைப் பெரிய ஓவியமாக வரைய விரும்பிய ஹில், அத்தனை முகங்களையும் எப்படி நினைவில் வைப்பது என்று திகைத்தார். புகைப்படம் எடுத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொல்லி ஆடம்சனை அறிமுகப்படுத்தியவர் இயற்பியலாளர் டேவிட் ப்ரூஸ்டர். ஓவியம் முடிய 1866 ஆகிவிட்டது. இன்று உலகம் ஹில்லை நினைப்பதோ ஓவியத்துக்கு உதவியாகத் தொடங்கிய புகைப்படங்களுக்காக.

அவர்கள் பயன்படுத்தியது டால்பட் கண்டுபிடித்த கேலோடைப் முறை. வெள்ளி உப்புக்கள் பூசிய காகிதமே நெகடிவ். அதிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். டால்பட் 1841இல் பெற்ற காப்புரிமை இங்கிலாந்தோடு நின்றுவிட்டதால், ஸ்காட்லாந்தில் யாரும் கட்டணமின்றி இதைச் செய்ய முடிந்தது. (இதிலிருந்து வளர்ந்த மெழுகுக் காகித முறையில்தான் 1858இல் லின்னேயஸ் ட்ரைப் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்தார்.) இந்தப் படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு கட்டத்துக்கு மேல் நுணுக்கம் கிடைப்பதில்லை, காகிதத்தின் நார்தான் தெரிகிறது. முகங்களில் காணும் அந்த மென்மைக்குக் காரணம் அதுவே.

நல்ல வெயில் வேண்டும். ஆட்கள் அசையாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் மறந்துவிட்டால் படங்களைத் தவறாகப் படித்துவிடுவோம். போதகர் ஃபேர்பேர்ன் மீனவப் பெண்கள் சூழ அமர்ந்திருக்கும் படம் ஒன்று உண்டு. தற்செயலாகக் கண்ட காட்சி போலத் தோன்றினாலும், வெளிச்சத்துக்காக வெளியே உட்காரவைத்து, ஒருவர்மேல் ஒருவரைச் சாய்த்து, ஓவியர் கண்ணோடு அமைத்தது அது. அலைமேல் துள்ளும் படகு, வலை இழுக்கும் கைகள் எதையும் இந்தத் தொகுப்பில் தேடக் கூடாது. கடலில் நடந்த வேலையை அந்தக் காகிதம் பிடித்திருக்க முடியாது.

கரையில் நடந்ததைப் பிடித்தது. வில்லி லிஸ்டன் என்பவர் தூண்டில் கயிற்றைச் சிக்கெடுக்கிறார். நம்மூர் மீனவர்கள் ஆயிரங்கால் தூண்டில் என்பார்களே, அந்த வகை. லின்டன் என்பவர் தன் படகில் சாய்ந்து நிற்க, கீழே பிள்ளைகள் மூன்று பேர். பார்பரா ஃப்ளக்கர் சிப்பி உடைக்கிறார். கோடுபோட்ட கனத்த பாவாடையும் பிரம்புக்கூடையுமாகப் பெண்கள் நிற்கிறார்கள். கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டி, மீன் பாரத்தை முதுகில் ஏற்றி, சுமார் 3 கிலோமீட்டர் மேட்டுப்பாதையில் எடின்பரோவுக்கு நடந்து விற்றவர்கள் அவர்கள். பிடிப்பது ஆண், விற்றுக் காசாக்குவது பெண் என்பது அங்கே குடும்பத்தின் கணக்கு.

வால்டர் பெஞ்சமின் 1931இல் எழுதிய புகைப்பட வரலாற்றுக் கட்டுரையில் நியூஹேவன் மீன்காரி ஒருவரைப் பற்றிப் பேசுகிறார். ஓவியத்தில் உள்ள முகம் நாளடைவில் ஓவியரின் திறமைக்குச் சான்றாக மட்டும் மிஞ்சும். இந்தப் படமோ, தரையை நோக்கி நிற்கும் இந்தப் பெண் யார், பெயர் என்ன என்று நம்மைக் கேட்கவைக்கிறது என்பது அவர் கருத்து. அந்தப் பெயர் நமக்குத் தெரியும்: எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால். ஹால் கணவர் வழி வந்தது. ஜான்ஸ்டன் பிறந்த வீட்டுப் பெயர். சிப்பி உடைக்கும் பார்பராவுக்கும் பிறந்த வீடு ஜான்ஸ்டன்தான். லின்டன், லிஸ்டன், ஃப்ளக்கர், ஜான்ஸ்டன் என்று சில பெயர்களே திரும்பத் திரும்ப வருவதிலிருந்து, ஊருக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த சமூகம் என்பது விளங்கும். படங்களை உள்ளூர் வரலாறாக மாற்றுவது இந்தப் பெயர்களே. பெயர் இல்லையென்றால் இவர்கள் வெறும் 'மீனவப் பெண், ஸ்காட்லாந்து' ஆகியிருப்பார்கள்.

ஆடம்சன் 1848 ஜனவரியில், 26 வயதில் இறந்தார். ஃபோர்த் கரை மீனவர்களைப் பற்றி இருவரும் 1844இல் அறிவித்த புத்தகம் வெளிவரவே இல்லை. அளவுமீறி அள்ளியதால் ஃபோர்த்தின் சிப்பிகள் இருபதாம் நூற்றாண்டில் அற்றுப்போயின; 2023இல்தான் மறுபடி விடத் தொடங்கினார்கள். ஊரின் பழைய வீடுகளில் பல, இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்த சீரமைப்பில் இடிபட்டன, குடும்பங்கள் சிதறின. 1994இல் திறந்த ஊர் அருங்காட்சியகமும் 2007இல் மூடப்பட்டது.

ஆக, ஊர் தன்னைப் பற்றிச் சேர்த்துவைத்தது குறைந்துகொண்டே வர, வெளியிலிருந்து வந்த இருவர் கலைக்காக எடுத்த படங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடங்களும் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் பெரும் தொகுப்புகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. பார்க்கும்போது படத்துக்குக் கீழே உள்ள பெயரை முதலில் வாசியுங்கள்; பிறகு முகத்தைப் பாருங்கள்.