அடுத்த நம்பர் யாரோடது?

டிஸ்கி: மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். இது கொஞ்சம் சீரியஸ் பதிவு.

கொட்டாம்பட்டியில எங்க வீடு நாலு வழிச்சாலைக்குக் கூப்பிடு தூரம். ராத்திரி மதுரைப் பக்கம் ஓடுற ஆம்புலன்ஸ் சத்தம் தெளிவா கேக்கும். கேட்டா அம்மா "முருகா, யாரு பெத்த புள்ளையோ"ன்னு சொல்வாங்க. போன பொங்கலுக்குப் போயிருந்தப்ப அதே சத்தம். அம்மா ஒண்ணும் சொல்லல, என்னைப் பார்த்தாங்க. நான் நினைச்சது இதுதான்: "ஓ பாசிட்டிவா இருக்குமோ?" அடுத்த நொடி உடம்பே கூசிப்போச்சு.

மாமா (அம்மாவோட தம்பி) மூணு வருஷமா டயாலிசிஸ்ல இருக்கார். வாரம் ரெண்டு நாள் பஸ் பிடிச்சு மாட்டுத்தாவணியில இறங்கி, நாலு மணி நேரம் மெஷின்ல இருந்துட்டுத் திரும்பணும். அம்மாவுக்குச் சர்க்கரை, அத்தைக்கு குரூப் சேரல. அதனால மூளைச்சாவு அடைஞ்சவங்க சிறுநீரகத்துக்காக லிஸ்ட்ல பேர் குடுத்துக் காத்திருக்கார். "நீ கம்ப்யூட்டர்லதானடா இருக்க, மாமா பேரைக் கொஞ்சம் மேல தள்ள முடியாதா?"ன்னு பெரியப்பா கேட்டார். சிரிச்சுட்டேன். ஆனா பெங்களூர் திரும்பினப்புறம் ஆணி புடுங்குறதை விட்டுட்டு அந்த லிஸ்ட்டை யார் போட்டாங்கன்னுதான் தேடிக்கிட்டு இருந்தேன்.

முதல்ல லிஸ்ட்டே கிடையாது. 1971-ல வேலூர் சி.எம்.சி.யில சிறுநீரக மாற்று வெற்றியா நடந்ததுக்கப்புறம், சொந்தக்காரங்க குடுத்தா உண்டு. அப்படிக் குடுக்க ஆள் இல்லாதவன், காசு இருந்தா வாங்கினான். சென்னை வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்'னே பேர் வந்துச்சு. 1994-ல மத்திய சட்டம் வந்து விற்பனையைக் குற்றம்னு சொன்னுச்சு, மூளைச்சாவையும் சாவுன்னு ஏத்துக்கிச்சு. வியாபாரம் நின்னுச்சா? சென்னையில சிறுநீரகம் வித்த 305 பேர்கிட்ட எடுத்த ஆய்வு 2002-ல வெளியாச்சு. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க வித்தவங்க. பெரும்பாலானவங்க அப்பவும் கடன்லதான் இருந்தாங்க. 2007-ல எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பு, 2025-ல பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள்னு அந்தக் கதை இன்னும் ஓடுது. லிஸ்ட் இல்லாத இடத்துல விலைதான் லிஸ்ட்.

2008 செப்டம்பர்ல திருக்கழுக்குன்றத்துப் பையன் ஹிதேந்திரன் பைக் விபத்துல மூளைச்சாவு அடைஞ்சான். அப்பா அம்மா ரெண்டு பேரும் டாக்டர்கள், உறுப்புகளைக் குடுத்தாங்க. போலீஸ் வழிவிட, 11 நிமிஷத்துல இதயம் முகப்பேருக்குப் போய் ஒரு சின்னப் பொண்ணுக்குப் பொருத்தப்பட்டது ('சென்னையில் ஒரு நாள்' பார்த்தவங்களுக்குத் தெரியும்). எல்லாருக்கும் ஞாபகம் இருக்குறது அந்த 11 நிமிஷம். எனக்கு அதைவிடப் பெருசாத் தெரியுறது அதே மாசம் வந்த அரசாணையும், அக்டோபர்ல ஆரம்பிச்ச திட்டமும்தான். டாக்டர் அமலோற்பவநாதன் ஒருங்கிணைப்பாளர். எந்த உறுப்பு யாருக்குன்னு எழுதி வச்ச வரிசை வந்துச்சு. சிறுநீரகத்துக்கு முக்கியமாப் பதிவு செஞ்ச தேதி. வெளிநாட்டவர் கடைசி.

அதே 2008, மார்ச் மாசம், இஸ்ரேல்லயும் ஒரு சட்டம். அங்க சிக்கல் வேற. மூளைச்சாவு சாவுதானான்னு யூத மதகுருமார்களுக்குள்ள ஒத்த கருத்து இல்ல. 1986-ல தலைமை மதகுரு மன்றம் ஏத்துக்கிச்சு, பல ஆச்சாரவாதிகள் இன்னிக்கும் ஏத்துக்கல. ஆனா தனக்கு வேணும்னா வாங்கிக்கலாம்னு சொல்றவங்க அவங்கள்ல உண்டு. ஜேக்கப் லவீங்கிற இதய மருத்துவர்கிட்ட அப்படி ரெண்டு நோயாளிகள் வெளிப்படையாவே சொன்னாங்களாம். அதுல கொதிச்சுப் போய் அவர் முன்னெடுத்ததுதான் அந்தச் சட்டம்: தானம் செய்யக் கையெழுத்துப் போட்டவனுக்கு வரிசையில முன்னுரிமை. நியாயமாத்தான் படுது. ஆனா தானம் கேக்காத வரைக்கும்தானே தானம்? அப்புறம் அது சீட்டுக் கட்டுற மாதிரி ஆயிடாதா?

இந்தச் சண்டை அவங்களுக்குப் புதுசு இல்ல. தால்முத்ல ஒரு புதிர். ரெண்டு பேர் பாலைவனத்துல போறாங்க. ஒருத்தன்கிட்ட குடுவையில தண்ணி, ஒருத்தன் பிழைக்க மட்டும் போதும். பென் பெட்டூரா சொல்றார், ரெண்டு பேரும் குடிக்கட்டும், செத்தாலும் பரவாயில்ல, ஒருத்தன் சாவை இன்னொருத்தன் பார்க்க வேணாம். ரபி அகிவா சொல்றார், குடுவை யார் கையிலயோ அவன் உயிர் முதல்ல. நான் அகிவா கட்சின்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா நம்ம கதையில குடுவை மூணாவது ஆளோடது, அந்த ஆள் செத்தாச்சு. அதுக்கு இன்னொரு இடம்தான் பொருந்துது: உன் ரத்தம் அடுத்தவன் ரத்தத்தைவிடச் சிவப்புன்னு யார் சொன்னதுங்கிற கேள்வி. (அதே தால்முத்ல யாரை முதல்ல காப்பாத்தணும்னு தரவரிசையும் இருக்கு. எந்த மதம்தான் முரண்படல!) 2002-ல டெல் அவிவ் பஸ் குண்டுவெடிப்புல செத்த ஒரு யூத மாணவனோட சிறுநீரகம் ஒரு பாலஸ்தீனச் சிறுமிக்குப் போச்சு. வீட்டுக்காரங்க யாருக்குன்னு கேக்கல.

நம்ம லிஸ்ட்டும் சுத்தம்னு சொல்ல மாட்டேன். மாற்று சிகிச்சை செய்யுற ஆஸ்பத்திரியில ஒருத்தர் மூளைச்சாவு அடைஞ்சா, ஒரு சிறுநீரகம் அந்த ஆஸ்பத்திரி நோயாளிக்கு, இன்னொண்ணுதான் பொதுவுக்கு. அப்படின்னா விபத்துக் கேஸ் அதிகம் வர்ற ஆஸ்பத்திரியில பேர் குடுத்தவனுக்கு அதிர்ஷ்டம் கூட. ப்ரோக்ராம் எழுதுறவனுக்கு இது உடனே கண்ணுல படும்: வரிசை ஒண்ணு மாதிரி தெரியும், உள்ள பல வரிசை. 2018-ல உறுப்புகள் வெளிநாட்டு நோயாளிகளுக்குப் போகுதுன்னு புகார் கிளம்பி, பாலக்காட்டு இளைஞர் ஒருத்தர் விஷயத்துல கேரள முதல்வரே நம்ம முதல்வருக்குக் கடிதம் எழுதினார். பொருந்துற இந்தியர் இல்லைன்னா வீணாக்குறதா இதயத்தைன்னு ஆஸ்பத்திரி தரப்பு கேட்டது. ரெண்டுலயும் உண்மை இருக்கு.

2025 ஆகஸ்ட்ல தேசிய அமைப்பான நோட்டோ மாநிலங்களுக்கு ஒரு அறிவுரை அனுப்புச்சு: காத்திருக்கும் பெண்களுக்கும், முன்னாடி உறுப்பு குடுத்துச் செத்தவங்களோட நெருங்கின சொந்தத்துக்கும் முன்னுரிமை. இருக்கும்போதே சிறுநீரகம் குடுக்குறது பெரும்பாலும் பொம்பளைங்க, வாங்கிக்கிறது பெரும்பாலும் ஆம்பளைங்கன்னு பார்த்தா காரணம் புரியும். இஸ்ரேல் கதவு இங்கயும் லேசாத் திறக்குது.

இதை மாமாகிட்ட சொன்னப்ப, உனக்கு நஷ்டம்தான்னேன். அவர் வேற ஒண்ணு கேட்டார். டயாலிசிஸ்ல பக்கத்து பெட்ல இருபத்திரண்டு வயசுப் பொண்ணு ஒண்ணு வருது, மாமாவுக்கு எட்டு மாசம் பின்னாடி பதிவு. "என் நம்பர் வந்தா அந்தப் புள்ளைக்குக் குடுக்கச் சொல்ல முடியுமாடா?"

முடியாது மாமான்னேன். நீங்க வேணாம்னா லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போகும், அது அந்தப் பொண்ணா இருக்கணும்னு இல்ல.

"அப்ப வந்தா நானே வாங்கிக்கிறேன்"னார்.

அத்தை அடுப்படியில இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. ரெண்டு நாள் மாமாகூட பேசல.