ஆண்கள் ஏறிய பாறையும் லின் ஹில் ஏறிய பாறையும்

விளையாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல் வைக்கலாமா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் ஓட்டப்பந்தயத்தையும் பளுதூக்குதலையும் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். கடிகாரமும் எடைக்கல்லும் சொல்லும் கணக்கை யாராலும் மறுக்க முடியாது. ஆனால், வாசகர்களே, பாறை ஏறுதல் என்றொரு விளையாட்டு உண்டு. அங்கே பாறை ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பிரிந்து நிற்பதில்லை. அமெரிக்க வீராங்கனை லின் ஹில்லின் வரலாறு அதனால்தான் பேசப்பட வேண்டிய ஒன்றாகிறது.

1961ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகரில் பிறந்து தென் கலிபோர்னியாவில் வளர்ந்தவர் லின். சிறு வயதில் சீருடற்பயிற்சி பழகியவர். 1975இல், பதினான்கு வயதில், முதன்முறையாகக் கயிறு கட்டிப் பாறையில் ஏறினார். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்தான். எட்டாத பிடியை எட்டுவதற்கு மற்றவர்கள் கையை நீட்டினால் போதும். இவரோ காலை இடுப்பு வரை தூக்கி வைத்து, உடலைத் திருப்பி, வேறொரு வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். சீருடற்பயிற்சி அங்கேதான் கைகொடுத்தது. ஜோஷுவா ட்ரீ, யோசெமிட்டி போன்ற இடங்களில் பெரும்பாலும் ஆண்களுடனேயே ஏறிப் பழகினார்.

பாறை ஏறிச் சம்பாதிக்க அப்போது வழியே இல்லை. 1980இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று ஓட்டம், நீச்சல், கயிறு ஏறுதல் என்று பலவற்றைக் கலந்து உடல் வலிமைப் போட்டி ஒன்றை நடத்தியது. லின் வென்றார். பரிசு 5,000 டாலர். அதே போட்டியில் வென்ற ஆணுக்கு 15,000 டாலர்! வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். அவரோ, தொகையை உயர்த்தாவிட்டால் பெண்கள் யாரும் கலந்துகொள்ள மாட்டோம் என்று தயாரிப்பாளரிடம் நேரில் பேசினார். பெண்களுக்கான பரிசு 10,000 டாலராக உயர்ந்தது. பின்னர் அந்தப் போட்டியைத் தொடர்ந்து நான்கு முறை வென்றவரும் அவரே. சமத்துவம் முழுதாக வரவில்லைதான். ஆனால் கேட்டதால் வந்த 5,000 டாலர் அது.

பாறை ஏறுதல் போட்டி விளையாட்டாக உருவெடுத்தது ஐரோப்பாவில். 1985இல் இத்தாலியின் பர்தோனெக்கியாவில் இயற்கைப் பாறையிலேயே போட்டி வைத்தார்கள். பிற்காலத்தில்தான் அது செயற்கைச் சுவர்களுக்கு மாறியது. விதி எளிமையானது, ஆனால் இரக்கமற்றது. ஒருவர் ஏறுவதை மற்றவர் பார்க்க முடியாதபடி போட்டியாளர்களைத் தனி அறையில் வைத்துவிடுவார்கள். அழைத்ததும் வந்து, அறிமுகமில்லாத சுவரில் ஒரே முறை ஏற வேண்டும். விழுந்தால் விழுந்ததுதான், எட்டிய உயரமே கணக்கு.

1986இல் இத்தாலியின் ஆர்க்கோவுக்கு அழைக்கப்பட்ட லின், பிரான்சின் கேத்தரின் டெஸ்டிவெல்லிடம் முதலிடத்தை இழந்தார். தரவரிசை கணக்கிட்ட முறை பற்றி அப்போதே முணுமுணுப்பு இருந்தது. முணுமுணுப்புக்கு மறு ஆண்டே பாறையில் பதில் கிடைத்தது. ஆர்க்கோவின் புகழ்பெற்ற 'ராக் மாஸ்டர்' பட்டத்தை 1987 முதல் 1990 வரை நான்கு முறையும், 1992இல் மீண்டும் ஒரு முறையும் அவர் வென்றார். அனைத்துலகப் போட்டிகளில் அவர் பெற்ற வெற்றிகள் முப்பதுக்கும் மேல்.

இடையில் உயிரே போயிருக்க வேண்டிய நாளும் வந்தது. 1989 மே மாதம், பிரான்சின் புயூ பாறைப் பகுதி. உடலைச் சூடேற்றிக்கொள்ள எளிதான பாதை ஒன்றில் ஏறினார். இடுப்பு வாரில் கயிற்றை நுழைத்தவர், பேச்சுக்கிடையில் கவனம் சிதறி முடிச்சை முழுதாகப் போட மறந்துவிட்டார். மேல்சட்டை அதை மறைத்துவிட்டது. உச்சியை அடைந்து, கீழே இறங்கக் கயிற்றில் சாய்ந்தபோது கயிறு உருவிக்கொண்டது. ஏறத்தாழ 85 அடி. மரக்கிளைகளில் மோதி விழுந்ததால் பிழைத்தார். முழங்கை மூட்டு விலகி, பாதத்தில் எலும்பு முறிந்தது. தேர்ந்தவருக்குக் கடினமான பாதை அல்ல, எளிதான பாதையே ஆபத்து என்பதைப் பாறை ஏறுவோர் இன்றும் இந்தச் சம்பவத்தைச் சொல்லித்தான் புதியவர்களுக்கு விளக்குகிறார்கள்.

சில மாதங்களில் போட்டிக்குத் திரும்பினார். 1990இல் பிரான்சின் சிமாய் பகுதியிலுள்ள 'மாஸ் கிரிடிக்' என்ற பாதையில் ஏறி முடித்தார். அமெரிக்கத் தர அளவில் 5.14 எனப்படும் கடினத்தைத் தொட்ட முதல் பெண் அவர்தான். இந்தத் தரத்தை எந்தப் பெண்ணாலும் எட்ட முடியாது என்று முன்னணி வீரர் ஒருவர் அதற்கு முன் சொல்லியிருந்தார். அதே ஆண்டு உலகக் கிண்ணத்தின் ஒட்டுமொத்தப் புள்ளியில் பிரான்சின் இசபெல் பத்திசியேவுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

1992உடன் போட்டிகளை விட்டு விலகினார். விளையாட்டு மண்டபத்துச் சுவர்களுக்குள் போய்விட்டது. இவரோ பாறையில் வளர்ந்தவர். யோசெமிட்டியில் எல் கேப்பிடன் என்ற கருங்கல் செங்குத்து இருக்கிறது. உயரம் சுமார் 900 மீட்டர். கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள், அந்த அளவு வரும்! அதன் நடுவே செல்லும் 'நோஸ்' என்னும் பாதையில் 1958இல் வாரன் ஹார்டிங் குழுவினர் முதலில் ஏறினார்கள். ஆணி அறைந்து, கயிறு கட்டி, ஒன்றரை ஆண்டு காலத்தில் ஏறத்தாழ 45 நாள் வேலை அது. கயிற்றை விழுந்தால் தாங்குவதற்கு மட்டுமே வைத்துக்கொண்டு, கைகால்களால் மட்டும் அதில் ஏறி முடித்தவர் அதன் பிறகு 35 ஆண்டுகளாக யாருமில்லை. பலர் முயன்று திரும்பினர்.

1993 செப்டம்பரில் லின், புரூக் சாண்டால் என்பவருடன் சென்று நான்கு நாளில் ஏறி முடித்தார். மறு ஆண்டு செப்டம்பரில் அதையே 23 மணி நேரத்தில் முடித்தார். இரவில் கிளம்பி, மறுநாள் இரவு உச்சியில் நின்றார்.

அவருடைய விரல்கள் சிறியவை, அதனால்தான் அந்த மெல்லிய பிளவில் நுழைந்தன என்று சிலர் சொன்னார்கள். 'பெரிய கூரை' எனப்படும் ஒரு பகுதியில் அது ஓரளவு உண்மைதான். அதற்கு மேலே இருக்கும் 'மாறும் மூலை'யில் பிடிக்கவே ஏதுமில்லை. இரு சுவர்களுக்கிடையே உடலை முறுக்கி அழுத்தி நகர வேண்டும். அங்கே விரலின் அளவு எதற்கு உதவும்? குள்ளமான உடலால் மற்ற நூறு இடங்களில் அவர் பட்ட பாட்டை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

'நோஸ்' பாதையைக் கைகால்களால் மட்டும் ஒரே நாளில் ஏறிய இரண்டாம் நபர் டாமி கால்டுவெல். ஆண்டு 2005. லின் ஏறிப் பதினோர் ஆண்டுகள் கழித்து.