கணவன் அல்லது மனைவிக்கு அமெரிக்கக் குடியுரிமை நேர்காணல்: கைக்குழந்தையை அழைத்துச் செல்லலாமா? முழு விளக்கம்

"வியாழக்கிழமை காலை இன்டர்வியூ. பாப்பாவ யார்கிட்ட விடுறது?" அமெரிக்காவில் இருக்கும் நம்மூர் குடும்பங்களில் குடியுரிமை நேர்காணல் கடிதம் வந்தவுடன் எழும் கேள்வி இது. பாட்டி ஆறு மாதம் இருந்துவிட்டு போன மாதம்தான் ஊருக்குத் திரும்பியிருப்பார். டே கேரில் குழந்தைக்கு லேசாகச் சூடு அடித்தாலே போன் போட்டுக் கூட்டிப்போகச் சொல்லிவிடுவார்கள். பக்கத்து வீட்டில் அவ்வளவு பழக்கமில்லை. சரி, கூடவே தூக்கிட்டுப் போயிடலாமா என்றுதான் யோசனை ஓடும்.

சுருக்கமான பதில்: அலுவலகம் வரைக்கும் குழந்தை வரலாம், ஆனால் கூடவே இன்னொரு பெரியவர் கட்டாயம் வேண்டும். நேர்காணல் அறைக்குள் குழந்தைக்கு எந்த வேலையும் இல்லை. 'குழந்தையைப் பார்த்தா ஆபீசர் மனசு இளகும்', 'கல்யாணம் நிஜம்னு நம்புவாங்க' என்று சொல்வதையெல்லாம் நம்பிப் போக வேண்டாம். அங்கே எடுபடுவது குழந்தையின் பிறப்புச் சான்றிதழ்தான்.

அறைக்குள் என்ன நடக்கும்?

குடியுரிமைக்கு என்-400 என்ற மனுவைப் போட வேண்டும். ஆன்லைனில் போட்டால் 710 டாலர், காகிதத்தில் போட்டால் 760 டாலர். மனு ஏற்கப்பட்டு, கைரேகை விஷயமும் முடிந்த பிறகு நேர்காணலுக்குக் கடிதம் வரும். நியூவார்க், சான் ஹோசே, ஹூஸ்டன், அட்லாண்டா என்று நீங்கள் வசிக்கும் பகுதிக்கான குடியேற்றத் துறை (யுஎஸ்சிஐஎஸ்) அலுவலகத்தில் அது நடக்கும்.

வாசலில் விமான நிலையம் மாதிரியே சோதனை. பை, கோட், ஸ்ட்ரோலர் எல்லாம் அதில் அடங்கும். உள்ளே காத்திருப்புக் கூடம். பெயரையோ எண்ணையோ கூப்பிட்டதும் அதிகாரி விண்ணப்பதாரரைத் தன் அறைக்கு அழைத்துப் போவார். முதல் வேலை, வலது கையை உயர்த்தி உண்மையே பேசுவதாக உறுதிமொழி. அப்புறம் மனுவில் எழுதியதை வரிசையாகக் கேட்பார்: எங்கே வசித்தீர்கள், எத்தனை முறை வெளிநாடு போனீர்கள், வரி கட்டினீர்களா, எப்போதாவது கைதானீர்களா. இந்தப் பேச்சை வைத்தே உங்கள் ஆங்கிலத்தையும் எடைபோடுவார்கள். படிக்கவும் எழுதவும் ஆளுக்கு மூன்று வாய்ப்பு. ஒரு வாக்கியத்தைச் சரியாகப் படித்தால், ஒரு வாக்கியத்தைச் சரியாக எழுதினால் போதும்.

கடைசியாக அமெரிக்க வரலாறு, அரசியல் அமைப்பு பற்றிய கேள்விகள். இங்கேதான் சமீபத்தில் மாற்றம் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 20-ம் தேதியோ அதற்குப் பிறகோ மனு போட்டவர்களுக்குப் புதிய தேர்வு. 128 கேள்விகளைப் படித்துவிட்டுப் போக வேண்டும், அதிகாரி 20 வரை கேட்பார், 12 சரியாக இருக்க வேண்டும். அதற்கு முன்பு மனு போட்டவர்களுக்குப் பழைய கணக்குதான்: 100 கேள்விகளைப் படிக்க வேண்டும், 10 வரை கேட்பார்கள், 6 சரியாக இருந்தால் பாஸ்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மடியில் ஒன்றரை வயதுக் குழந்தை. அதிகாரியின் மேசையில் பேனா, ஸ்டாம்ப், கம்ப்யூட்டர் ஒயர். "நீங்கள் எப்போதாவது..." என்று தொடங்கும் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. உறுதிமொழி எடுத்துக்கொண்டு சொல்லும் பதில்கள் அவை. குழந்தை சிணுங்கியதில் கேள்வி சரியாகக் காதில் விழாமல் 'யெஸ்' என்று தலையாட்டிவிட்டால், அதை விளக்கித் திருத்துவது இன்னொரு தலைவலி. குழந்தையைப் பிடிக்காதவர் என்பதால் அதிகாரி தயங்குவதில்லை, இது ஒரு தேர்வு என்பதால்தான். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை ஹாலுக்குத் தம்பியைத் தூக்கிக்கொண்டு போவோமா?

தேர்வில் ஒரு பகுதி தவறிப்போனால் அதோடு எல்லாம் முடிந்துவிடாது. 60 முதல் 90 நாட்களுக்குள் தவறிய பகுதிக்கு மட்டும் மறுபடி கூப்பிடுவார்கள். ஆனால் அந்த மூன்று மாதம் சில வீடுகளுக்கு ரொம்பவே கனமானது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம்.

யார் யார் வந்தே ஆக வேண்டும்?

பொதுவாக கிரீன் கார்டு கிடைத்து 5 ஆண்டு ஆனவர்கள் மனு போடலாம். அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து, அவருடன் சேர்ந்து வாழ்பவர்களுக்கு 3 ஆண்டு போதும். இந்த 3 ஆண்டும் அந்தத் துணை குடியுரிமை உள்ளவராக இருந்திருக்க வேண்டும்.

5 ஆண்டுக் கணக்கில் மனு போட்டவருக்கு நேர்காணல் தனி ஆள் விவகாரம். கணவரோ மனைவியோ அறைக்குள் வர வேண்டியதில்லை. அதனால் ஏற்பாடு எளிது: ஒருவர் உள்ளே, இன்னொருவர் குழந்தையோடு காத்திருப்புக் கூடத்தில், இல்லையென்றால் காரில்.

3 ஆண்டுக் கணக்கில் திருமண வாழ்க்கையும் சேர்ந்து ஆராயப்படும். அதனால் திருமணச் சான்றிதழ், சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரிப் பதிவுகள், இருவர் பெயரிலும் உள்ள வீட்டு ஒப்பந்தம் அல்லது வங்கிக் கணக்கு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்கட்டும். மனு போட்ட பிறகு குழந்தை பிறந்திருந்தால் அதை அதிகாரியிடம் சொல்லியே ஆக வேண்டும். மனுவில் அந்தக் குழந்தை இருக்காது அல்லவா?

சிக்கலான இடம் ஒன்று இருக்கிறது. திருமணமாகி 2 ஆண்டு ஆவதற்குள் கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு முதலில் கிடைப்பது 2 ஆண்டு நிபந்தனைக் கார்டு. அந்த நிபந்தனையை நீக்க ஐ-751 என்ற மனு போடுவார்கள். அது முடிவாகாமல் கிடக்கும்போதே குடியுரிமை நேர்காணல் வந்துவிட்டால், பெரும்பாலும் இரண்டையும் ஒரே நாளில் விசாரித்துவிடுவார்கள். அப்போது கணவன், மனைவி இருவரும் உள்ளே போக வேண்டியிருக்கும். அப்போ குழந்தையை யார் வைத்துக்கொள்வது? இந்த நிலையில் இருப்பவர்கள் கட்டாயம் மூன்றாவது ஆளை ஏற்பாடு செய்ய வேண்டும். தோழியோ அலுவலக நண்பரோ, குழந்தை அழாமல் இருக்கிற ஆளாக இருந்தால் சரி. கணவன், மனைவி இருவருக்கும் ஒரே காலையில் அடுத்தடுத்து நேர்காணல் போட்டிருந்தாலும் இதே கதைதான். ஒருவர் வெளியே வருவதற்குள் இன்னொருவரைக் கூப்பிட்டுவிடலாம்.

யார் வந்தாலும் முதலில் கடிதத்தை முழுசாகப் படித்துவிடுங்கள். யார் உடன் வரலாம், எத்தனை நிமிடம் முன்னால் உள்ளே விடுவார்கள், என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். சாப்பாடு, தண்ணீர் விஷயத்தில் அலுவலகத்துக்கு அலுவலகம் விதி மாறும். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு ஒரு தகவல்: பொதுமக்கள் வந்துபோகும் மத்திய அரசுக் கட்டடங்களில் அதற்கென்று தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று 2019-ல் ஒரு சட்டம் வந்தது. விதிவிலக்குகள் உண்டு என்பதால் எல்லாக் கட்டடத்திலும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம், காவலரிடம் கேட்டுப் பாருங்கள். அறைக்குள் நடப்பது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வெளியே காத்திருப்பதைத்தான் கணிக்க முடியாது.

ஆள் கிடைக்கவில்லை, தேதியை மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் இதைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிய தேதி உங்கள் வசதிக்கு வராது, துறையின் வசதிக்குத்தான் வரும்.

சொல்லாமல் போகாமல் இருப்பது இதைவிட மோசம். நேர்காணல் நாளிலிருந்து 30 நாட்களுக்குள் காரணம் சொல்லி வேறு தேதி கேட்காவிட்டால் மனுவை நிர்வாக ரீதியாக மூடி வைத்துவிடுவார்கள். அப்படி மூடியதிலிருந்து ஓராண்டுக்குள் திறக்கச் சொல்லிக் கேட்கலாம். அதையும் விட்டால் மனு கைவிடப்பட்டதாகக் கணக்கு. மறுபடி 710 டாலர், மறுபடி முதலிலிருந்து. அதனால் ஆளே கிடைக்காத காலையில் வீட்டிலேயே இருந்துவிடுவதைவிடக் குழந்தையோடு போய் நிற்பது எவ்வளவோ மேல். போய் நின்றால், என்ன செய்யலாம் என்று அங்கேயே கேட்கவாவது முடியும்.

குழந்தைக்காகத் தள்ளிப்போட்டால் மூத்த குழந்தைக்கு என்ன ஆகும்?

இந்த விஷயத்தைப் பல வீடுகளில் கவனிப்பதே இல்லை. அமெரிக்காவில் பிறந்த கைக்குழந்தை ஏற்கெனவே குடியுரிமை உள்ள குழந்தை. அம்மாவின் நேர்காணல் எப்படிப் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதே வீட்டில் சென்னையிலோ கோவையிலோ பிறந்து, பெற்றோருடன் வந்து, கிரீன் கார்டில் இருக்கும் அக்காவோ அண்ணனோ இருக்கலாம்.

2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறையில் உள்ள குழந்தைகள் குடியுரிமைச் சட்டப்படி, அப்பா, அம்மா இருவரில் ஒருவர் குடியுரிமை பெற்றாலே போதும். 18 வயதுக்குக் கீழ், கிரீன் கார்டு உள்ள, அந்தப் பெற்றோரின் சட்டப்படியான பொறுப்பில் அவருடன் அமெரிக்காவில் வசிக்கும் பிள்ளை தானாகவே குடிமகன் ஆகிவிடும். தனி மனு கிடையாது, தேர்வு கிடையாது, நேர்காணலும் கிடையாது. (தத்தெடுக்காத வளர்ப்புப் பிள்ளைக்கு இது பொருந்தாது. எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கும் பொருந்தாது.)

அந்த மாற்றம் நடப்பது நேர்காணல் நாளில் இல்லை. பெற்றோர் விசுவாச உறுதிமொழி எடுக்கும் நாளில்தான்.

கணவன், மனைவி இருவருமே இன்னும் கிரீன் கார்டில் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மகளுக்கு 17 வயது 8 மாதம். மகனுக்கு 2 வயது. அப்பாவின் நேர்காணல் அன்று சின்னவனைப் பார்த்துக்க ஆள் இல்லை என்று தேதியைத் தள்ளிப்போடுகிறார்கள். புதிய தேதி நாலு மாதம் கழித்து வருகிறது. அதற்குள் மகளுக்கு 18 முடிந்துவிட்டது. இனி அவள் தன் 5 ஆண்டைக் கணக்குப் போட்டு, சொந்தமாகக் கட்டணம் கட்டி, 128 கேள்வியைப் படித்துத் தனியாகப் போக வேண்டியதுதான். ஒரு நாள் பேபி சிட்டருக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த காசு இது! அப்பா தேர்வில் தவறி 60 முதல் 90 நாள் காத்திருந்தாலும் இதே ஆபத்து இருக்கிறது. 18-ஐ நெருங்கும் பிள்ளை உள்ள வீடுகள் நேர்காணலில் அதை அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லி, உறுதிமொழி நாளைச் சீக்கிரம் தர முடியுமா என்று கேட்க வேண்டும். கேட்டால் கிடைத்துவிடும் என்று உத்தரவாதம் கிடையாது. கேட்காமல் விட்டால் அதிகாரிக்குத் தெரியவே வராது.

இன்னொரு தாமதத்தை நம்மவர்களே இழுத்துக்கொள்கிறார்கள். இனிஷியல், அப்பா பெயர் குழப்பத்தைத் தீர்க்க இந்த மனுவிலேயே பெயர் மாற்றமும் கேட்பது வழக்கம். பெயரை மாற்றும் அதிகாரம் குடியேற்றத் துறைக்கு இல்லை, நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. அதனால் உறுதிமொழியும் நீதிமன்றத்தில் நடக்கும்வரை காத்திருக்க வேண்டும். சில அலுவலகங்களில் நேர்காணல் முடிந்த அன்றே உறுதிமொழி கொடுத்து அனுப்புவார்கள், அந்த வாய்ப்பும் இதனால் போய்விடும்.

நேர்காணல் முடிந்தும் முடிவே சொல்லாமல் இழுத்தால்? 120 நாள் தாண்டிய பிறகு மத்திய மாவட்ட நீதிமன்றத்தை நாடச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு வழக்கறிஞர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

குழந்தை கட்டாயம் வர வேண்டிய இடம் எது?

உறுதிமொழி விழாவுக்குத் தாராளமாக அழைத்துப் போங்கள். குடும்பத்தோடு போய் போட்டோ எடுத்துக்கொள்ளும் நாள் அது. ஜீன்ஸ், ஷார்ட்ஸ், செருப்பு வேண்டாம் என்பார்கள், பட்டுப்பாவாடைக்குத் தடை இல்லை. விண்ணப்பதாரர் கிரீன் கார்டை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொள்வார். விருந்தினர் எத்தனை பேர் என்பதை மட்டும் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் குழந்தை நேரில் வந்தே ஆக வேண்டிய இடம் பாஸ்போர்ட் கவுண்டர். 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு டிஎஸ்-11 படிவத்துடன் குழந்தையும், இயன்றவரை பெற்றோர் இருவரும் நேரில் போக வேண்டும். ஒருவரால் வர முடியாவிட்டால் நோட்டரி சான்றளித்த சம்மதப் படிவம் வேண்டும். கட்டணம் 100 டாலரும், அதோடு 35 டாலரும். பாஸ்போர்ட் 5 ஆண்டு செல்லும். தானாகக் குடியுரிமை பெற்ற பிள்ளைக்கு என்-600 மனு போட்டுத் தனிச் சான்றிதழும் வாங்கலாம், ஆனால் அதற்கு ஆன்லைனில் 1,335 டாலர், காகிதத்தில் 1,385 டாலர். கையில் காசு முடை என்றால் முதலில் பாஸ்போர்ட்டை வாங்கிவிடுங்கள், குடியுரிமைக்கு அதுவும் ஆதாரம்தான்.

பொங்கலுக்கு ஊருக்கு வர டிக்கெட் போடுபவர்களுக்கு: இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. உறுதிமொழி எடுத்தவர் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது. அதை ஒப்படைத்து, அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கி, ஓசிஐ அட்டையோ இந்திய விசாவோ எடுத்த பிறகுதான் விமானம் ஏற முடியும். அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கிய பிள்ளைக்கும் இதே அட்டை அல்லது விசா தனியாக வேண்டும். விழா முடிந்த மறுவாரத்துக்கு டிக்கெட் போட்டு வைக்காதீர்கள்.