முதல் கேமரா வந்த வழி

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், புதிதாகப் படம் எடுக்க வருபவருக்கென்று தனியாக ஒரு கேமரா கிடையாது. 1839இல் தாகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோதும், 1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரத்தகடு முறையைக் கொண்டுவந்தபோதும், கேமராவோடு ரசாயனத் தொழிலையும் சேர்த்துத்தான் கற்க வேண்டியிருந்தது. ஆர்ச்சரின் முறையில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, கழுவியும் முடித்தாக வேண்டும். ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்தவர்கள் இருட்டறைக்கான கூடாரத்தையும் சுமந்துகொண்டே போனார்கள்.

இந்தச் சுமையை நேரில் அனுபவித்தவர்களில் ஒருவர், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் வங்கி எழுத்தராக இருந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன். கரீபியன் பகுதிக்கு ஒரு பயணம் போகலாம் என்று எண்ணி, 1877இல் ஏறக்குறைய 94 டாலர் கொடுத்து ஒரு முழுத் தொகுதி வாங்கினார். கேமரா, முக்காலி, தகடுகள், மருந்துகள், தொட்டிகள், கூடாரம் எல்லாம் அதில் அடக்கம். அவற்றைக் கையாளப் பழகுவதற்குத் தனியாக 5 டாலர் கட்டணம் கட்டிப் பாடமும் கேட்டார். பயணம் நடக்கவில்லை. ஆனால் இவ்வளவு பாரம் எதற்கு என்ற கேள்வி அவரை விடவில்லை. உலர் தகடு, பிறகு சுருள் ஃபிலிம் என்று படிப்படியாக வந்து, 1888இல் கோடக் கேமராவை விற்பனைக்கு விட்டார்.

அதன் விலை 25 டாலர். உள்ளே 100 படத்துக்கான சுருள் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். மேலே உள்ள கயிற்றை இழுத்து ஷட்டரைத் தயார் செய்து, பொத்தானை அழுத்தி, சாவியைத் திருகினால் அடுத்த படத்துக்கு ஆயத்தம். சுருள் முடிந்ததும் கேமராவையே 10 டாலரோடு ராச்செஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். பிரிண்ட் போட்ட படங்களும் புதுச் சுருள் போட்ட கேமராவும் திரும்பி வரும். படமெடுப்பதையும் படம் கழுவுவதையும் ஈஸ்ட்மன் இரண்டாகப் பிரித்தார். அவர் செய்த மிகப் பெரிய காரியம் இதுதான். கேமரா சிறிதானதும் மலிவானதும் இதற்கு அடுத்தபடிதான். ஆனாலும் 25 டாலர் கூலிக்காரக் குடும்பத்துக்கு எட்டாத தொகை.

அந்தத் தடையும் 1900 பிப்ரவரியில் உடைந்தது. ஈஸ்ட்மனுக்காக ஃபிராங்க் பிரவுனெல் வடிவமைத்த பிரவுனி கேமரா ஒரு டாலருக்கு விற்றது. ஆறு படத்துக்கான ஃபிலிம் 15 சென்ட். கெட்டி அட்டையில் செய்து, தோல் போன்ற தாளை ஒட்டிய பெட்டி அது. முன்பக்கம் ஒற்றை வில்லை, சுழலும் எளிய ஷட்டர். கண் வைத்துப் பார்க்க வியூஃபைண்டர்கூடக் கிடையாது. பெட்டியின் மேல் வரைந்த கோடுகளை வைத்துத்தான் குறி பார்க்க வேண்டும். பாமர் காக்ஸ் வரைந்த குட்டிச்சாத்தான் பாத்திரங்களின் பெயரையே கேமராவுக்கு வைத்து, நேராகக் குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்தார்கள். முதல் ஆண்டிலேயே ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்பனைக்குப் போனது.

இவ்வளவு எளிய பெட்டி எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் பின்னால் வந்த மலிவான கேமராக்கள் பலவும் இதே தந்திரத்தைத்தான் கையாண்டன. ஒளி நுழையும் துளை சிறிதாக இருந்தால் சில அடிகளுக்கு அப்பால் உள்ளவை எல்லாம் ஓரளவு தெளிவாகவே விழும். ஆகவே ஃபோகஸ் செய்யும் வேலை இல்லை. துளை சிறிதென்பதால் வெளிச்சம் நிறைய வேண்டும். ஆகவே வெயிலில் மட்டும் எடுக்க வேண்டும். ஷட்டருக்கு ஒரே வேகம் என்பதால் ஆள் அசையக்கூடாது, கையும் நடுங்கக்கூடாது. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும், பத்தடி தள்ளி நில்லுங்கள், மூச்சை அடக்குங்கள் என்று பெட்டிக் கேமராக்காரர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவந்த விதிகள் எல்லாம் இந்த வில்லையிலிருந்தும் ஷட்டரிலிருந்தும் பிறந்தவைதான்.

1912இல் கார்ப்பேதியா கப்பலில் பயணித்த பெர்னிஸ் பாமர் என்ற இளம்பெண்ணின் கையில் ஒரு பிரவுனி இருந்தது. டைட்டானிக்கில் உயிர் தப்பியவர்களை அந்தக் கப்பல் மீட்டபோது, அவர்களையும் கடலில் மிதந்த பனிப்பாறையையும் அவர் படமெடுத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 14 வயது ஆன்சல் ஆடம்ஸுக்கு யோசெமிட்டி போன இடத்தில் பெற்றோர் ஒரு பிரவுனி வாங்கிக் கொடுத்தார்கள். பழைய மரக்கட்டை ஒன்றில் ஏறி நின்று படமெடுக்கப் போய், கட்டை உடைந்து விழுந்தபோது பொத்தான் அழுந்தி, ஒரு படம் தலைகீழாக விழுந்தது. பிற்காலத்தில் ஒளியையும் நிழலையும் அணு அணுவாக அளந்து படமெடுத்தவரின் தொடக்கம் எதையும் அளக்க வழியில்லாத அந்தப் பெட்டிதான்.

இந்தியாவில் இந்த இடத்தை வெகுகாலம் பிடித்திருந்தது ஆக்ஃபா கிளிக் 3. சுதந்திரத்துக்குப் பிறகு அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வெளிநாட்டுக் கேமராக்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அந்த நிலையில் பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த இந்தக் கறுப்புப் பெட்டி நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்தது. 120 ஃபிலிமில் 12 சதுரப் படங்கள். பின்பக்கம் சின்னச் சிவப்புச் சன்னல் ஒன்று உண்டு. ஃபிலிமோடு ஒட்டி வரும் காகிதத்தில் அச்சிட்ட எண் அதில் தெரியும்வரை திருகை மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்ற மறந்து மறுபடி அழுத்தினால், ஒரே சட்டத்தில் இரண்டு படம் ஏறிவிடும். கல்யாணப் பந்தலுக்குள் தெருவும் மாடும் தெரியும். 12 படம் தீரும்வரை பிறந்தநாள், கோயில் திருவிழா, ஊர்ப் பயணம் என்று ஒரே ரோல் மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். பிறகுதான் ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவுவார்கள்.

ஃபிலிமுக்கும் வெளிநாட்டை நம்பியிருக்கக்கூடாது என்று 1960இல் மத்திய அரசு ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு உதகமண்டலத்தில் ஆலை எழுந்தது. 1967இல் உற்பத்தி தொடங்கியது. தூசி குறைந்த குளிர்ந்த காற்று ஃபிலிம் தயாரிப்புக்குத் தோதானது. அங்கிருந்து ‘இந்து’ என்ற பெயரில் வந்த கறுப்பு வெள்ளைச் சுருள்கள் நாடெங்கும் ஸ்டூடியோக்களில் புழங்கின.

பெட்டிக் கேமரா பழகுபவரைக் காப்பாற்றியது, ஆனால் கற்பிக்கவில்லை. எல்லா முடிவையும் தயாரிப்பாளரே எடுத்துவிட்டதால், படம் ஏன் கெட்டது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது வேறொரு வம்சம். 1925இல் ஆஸ்கர் பர்னாக்கின் லைக்கா 35 மில்லிமீட்டர் சினிமா ஃபிலிமைச் சின்னக் கேமராவுக்குள் கொண்டுவந்தது. 1934இல் ஈஸ்ட்மனின் கோடக் நிறுவனம், பகல் வெளிச்சத்திலேயே போடக்கூடிய 135 உருளையை அறிமுகம் செய்தது. அந்த வழியில் 1976இல் வந்த பென்டாக்ஸ் கே1000, 1997 வரை உற்பத்தியில் இருந்து, உலகெங்கும் புகைப்படப் பள்ளிகளின் பாடக் கருவியானது. வியூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு முள். ஷட்டர் வேகத்தையோ அப்பர்ச்சர் என்னும் ஒளித் துளையையோ மாற்றினால் முள் ஏறும், இறங்கும்; நடுவில் வந்து நின்றால் வெளிச்சம் சரி. தானாகச் செய்வது எதுவும் இல்லை. பேட்டரி தீர்ந்தால் முள் மட்டும்தான் ஓயும், கேமரா ஓயாது. தொடக்கக்காரருக்கென்று செய்த கருவிகளில் இதைவிட நேர்மையான ஆசிரியர் வரவில்லை.

அந்தக் காலத்தில் தவறின் விலை ஃபிலிமின் விலை. அதை மாற்றியது டிஜிட்டல். கோடக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975இல் உருவாக்கிய முதல் மாதிரிக்கு ஒரு படத்தைப் பதிய 23 விநாடி பிடித்தது. பழகுபவர் கைக்கு எட்டும் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். என்று சொல்லத்தக்கது 2003இல் வந்த கேனன் இஓஎஸ் 300டி. 63 லட்சம் பிக்சல், லென்ஸ் இல்லாமல் 899 டாலர். அதன் வட்டத் திருகில் ஒரு பக்கம் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் பச்சைக் கட்டம், மறுபக்கம் எல்லாவற்றையும் எடுப்பவரிடமே விடும் ‘எம்’. பெட்டிக் கேமராவும் கே1000உம் ஒரே உடலில் சேர்ந்தன. எடுத்த படத்தை அந்த நொடியிலேயே பார்த்துத் திருத்தவும் முடிந்தது. 2009இல் நிக்கான் டி3000 ஒரு படி மேலே போய், எந்தப் படத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று திரையிலேயே சொல்லிக் கொடுத்தது.

மலிவான முதல் கேமரா என்ற இடத்தைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. 2007இல் வந்த முதல் ஐஃபோனின் கேமராவும் பிரவுனியைப் போலவே ஃபோகஸ் செய்ய வேண்டாத ஒன்றுதான். 2012 ஜனவரியில் கோடக் திவால் பாதுகாப்புக் கோரியது. ஆனால் ஃபிலிம் மறையவில்லை. 2024இல் பென்டாக்ஸ், ஃபிலிமில் பழக விரும்பும் இளைஞர்களை மனத்தில் வைத்து, கையால் நெம்பிச் சுருளை நகர்த்தும் ‘பென்டாக்ஸ் 17’ என்ற புதிய ஃபிலிம் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தூரத்தைச் சின்னப் படக் குறிகளைப் பார்த்துக் கையால் வைக்க வேண்டும். வெளிச்சத்தைக் கேமராவே அளந்துகொள்ளும்.