நான் கடன் வாங்கிய தையல் பீரியட்

பணி ஓய்வு பெற்று ஐந்து வருஷம் கழித்து தையல் பழகிக்கொண்டிருக்கிறேன். சொல்லிக்கொடுப்பது என் பழைய மாணவி. சின்னமனூர் பக்கம் வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டுத் தைத்துக்கொடுக்கிறாள்.

முதல் வாரம் நூலும் கிடையாது, துணியும் கிடையாது. கோடு போட்ட நோட்டுத் தாளை ஊசிக்கு அடியில் வைத்து, கோட்டின் மேலேயே ஓட்டச் சொன்னாள். "மொதல்ல கால் பழகணும் டீச்சர். மெதுவா மிதிங்க. சக்கரம் பின்னாடி சுத்துச்சுன்னா நூல் அந்துரும்." நான் ஓட்டிய தாளைப் பார்த்தால் ஆட்டு மந்தை போன தடம் மாதிரி இருந்தது. அவள் சிரிக்கவில்லை. அடுத்த தாளைக் கொடுத்தாள்.

சரித்திர டீச்சர் கையில் ஒரு மெஷின் கிடைத்தால் அதன் கதையைத் தோண்டாமல் விடமாட்டாள். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தையல் நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்துத் தொழிலாளிகள் வரிசையாக வருவார்கள். அதில் 'துன்னகாரர்' உண்டு. துணி தைப்பவர் என்று பொருள். ஆனால் நம் கம்பம் பள்ளத்தாக்குப் பெண்களுக்கு நெடுங்காலம் அவரால் ஒரு வேலையும் இருக்கவில்லை. என் அப்பத்தா கண்டாங்கிச் சேலையைச் சுற்றிக் கட்டியதோடு சரி, கடைசி வரை ரவிக்கை போட்டதில்லை. ஊசி வைத்துத் தைத்த துணி அவள் உடம்பில் பட்டதே இல்லை. அவள் தைத்ததெல்லாம் இலை. ஈர்க்குச்சியால் ஆலிலைகளைச் சேர்த்துக் குத்தி, விசேஷ வீட்டுப் பந்திக்குக் கொடுப்பாள்.

அம்மா காலத்தில் ரவிக்கை வந்தது. கூடவே டெய்லர் கடை வந்தது. கடையில் எல்லாரும் ஆண்கள். வேலை பழக வரும் பையனுக்கு முதலில் காஜா எடுக்கிற வேலைதான் கிடைக்கும். வருஷக்கணக்கில் காஜா எடுத்து, பட்டன் கட்டி, பிறகுதான் மெஷினில் உட்கார முடியும். பெண்கள் டேப் வைத்து அளவு கொடுக்கக் கூச்சப்பட்டு, பழைய ஜாக்கெட் ஒன்றை 'அளவு ஜாக்கெட்' என்று கொடுத்தனுப்புவார்கள். அது சரியாக இல்லையென்றால் அடுத்த பத்து ஜாக்கெட்டும் சரியாக இருக்காது.

இனி மெஷினுக்கு வருவோம். கை ஊசியில் நூல் கோக்கும் காது பின்னால் இருக்கும். மெஷின் ஊசியில் முனைக்குப் பக்கத்திலேயே இருக்கும். மேல்நூல் அந்தக் காது வழியாகத் துணிக்குக் கீழே இறங்கி ஒரு வளையம் போடும். அந்த வளையத்துக்குள் பாபின் நூல் புகுந்து பூட்டிக்கொள்ளும். விஷயம் அவ்வளவுதான்.

பிரான்சில் திமோனியே என்ற தையல்காரர் 1830-ல் ஒரு தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அது ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடுவது. பாரிஸில் ராணுவச் சீருடை தைக்கச் சுமார் 80 மெஷின்கள் போட்டார்கள். பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையல்காரர்கள் 1831-ல் புகுந்து நொறுக்கிவிட்டார்கள். இரண்டு நூல் பூட்டுத்தையலுக்கு 1846-ல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்றார். 1851-ல் ஐசக் சிங்கர் அதைத் திருத்தி, ஓட்ட எளிதாக்கினார். 1856 முதல் சிங்கர் கம்பெனி தவணைக்கு மெஷின் கொடுத்தது. நம்மூர் தவணை வியாபாரத்துக்கு இவர்கள் மூத்த அண்ணன்!

பிறகு சிங்கர் இந்தியாவுக்கு வந்தது. 1930-களில் கல்கத்தாவில் உஷா மெஷின் தயாராகத் தொடங்கியது.

இதில் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. 1909-ல் 'இந்திய சுயராஜ்யம்' நூலில் இயந்திர நாகரிகத்தைக் கடுமையாகச் சாடிய காந்தியிடம், 1924-ல் டில்லியில் சாந்திநிகேதன் மாணவர் ஒருவர், "எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா?" என்ற பொருளில் கேட்டார். இயந்திரத்தை அல்ல, இயந்திர மோகத்தைத்தான் எதிர்க்கிறேன் என்றார் காந்தி. விதிவிலக்காக அவர் சொன்ன உதாரணம் சிங்கர் தையல் மெஷின். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் கண்டுபிடித்தது என்றும் சொன்னார். அந்த மாணவர் ஜி. ராமச்சந்திரன். பின்னாளில், 1947-ல், மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கியவர்.

சரித்திர டீச்சராக ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். சிங்கர் அப்படி மனைவிக்காக உருகியவர் அல்ல. அவருக்குப் பல குடும்பங்கள், குறி லாபத்தில். காந்தி சொன்ன கதை ஹோவுக்குத்தான் கொஞ்சம் பொருந்தும். அவர் உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது மனைவி ஊராருக்குத் தைத்துக் கொடுத்துத்தான் வீட்டை ஓட்டினார். ஆள் மாறினாலும், காந்தி பிடித்த விஷயம் சரி. மற்ற இயந்திரங்கள் ஆட்களை ஆலைக்கு இழுத்தன. இது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

இதன் அருமை நம் பள்ளத்தாக்கில்தான் தெரியும். விடிவதற்கு முன்னே போடியிலும் கம்பத்திலும் ஜீப்புகள் நிற்கும். தூக்குவாளியோடு பெண்கள் நெருக்கியடித்து ஏறி, மலைப்பாதையில் ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புவார்கள். வீட்டில் ஒரு மெஷின் இருந்தால் அந்த ஜீப்பில் ஏற வேண்டியதில்லை.

இனி என் கதை.

எங்கள் பள்ளியில் தையல் டீச்சர் ஒருவர் இருந்தார். வாரத்துக்கு இரண்டு பீரியட். பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கினால் "டீச்சர், பாடம் முடியல, இன்னைக்கு உங்க பீரியடைக் குடுங்க" என்று நான் வாங்கிக்கொள்வேன். அவரும் மறுத்ததில்லை. ஒரு பீரியடைக்கூட நான் திருப்பிக் கொடுத்ததில்லை. அந்த நேரத்தில் நான் நடத்தியது என்ன தெரியுமா? தொழிற்புரட்சி! 1733 பறக்கும் நாடா, 1764 ஸ்பின்னிங் ஜென்னி என்று ஒப்பிக்க வைத்தேன். அடுத்த அறையில் தூசி படிந்து கிடந்த தையல் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இவள் அந்த வகுப்பில் இருந்தவள். பத்தாவதில் தவறினாள். ஜீப்பில் ஏறினாள். கல்யாணம் ஆகி, கணவன் விட்டுப்போன பிறகு, தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்து ஆறு மாதம் தையல் படித்துச் சான்றிதழ் வாங்கினாள். அதை வைத்து சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் மனு போட்டு மெஷின் பெற்றாள். விதவைகள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் ஆகியோருக்கான திட்டம் அது. தையல் தெரியும் என்பதற்குச் சான்று கேட்பார்கள். பள்ளியிலேயே ஒழுங்காகப் பழகியிருந்தால் அவளுக்கு எத்தனை வருஷம் மிச்சமாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது அவள் மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். 1985 முதல் அரசு தரும் இலவசச் சீருடைகளை இத்தகைய சங்கத்துப் பெண்கள்தான் தைக்கிறார்கள். வெட்டிய துணி கட்டுக்கட்டாக வரும், தைத்துக் கொடுப்பார்கள். தினமும் பிரேயரில் சீருடையைச் சரிபார்த்த எனக்கு, அதைத் தைத்தது யார் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

போன வாரம் மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன், "உங்க தையல் பீரியடை நான்தான் பிடுங்கினேன்மா."

அவள் பாபினில் நூல் சுற்றிக்கொண்டே சொன்னாள். "தெரியும் டீச்சர். எனக்கு அந்தப் பீரியட்லதான் தூக்கம் வராது."

நேற்று என் முதல் உருப்படி முடிந்தது. ஒரு மஞ்சப்பை. ஒரு காது நீளம், ஒரு காது குட்டை. இரண்டு முறை பிரித்துத் தைத்தும் அப்படித்தான் வந்தது. அதில்தான் இன்று காய்கறி வாங்கி வந்தேன்.

இதைப் படிக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. தையல், ஓவியம், விளையாட்டு பீரியடைக் கடன் கேட்காதீர்கள். அது யாரோ ஒரு பிள்ளையின் பிழைப்பாக இருக்கலாம்.

உங்களுக்கு முதலில் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார்? எழுதுங்கள், வாசிக்கிறேன்.