அழித்த பட்டியலும் கிடைக்காத கோப்பும்

இந்த மாதம் நாம் எடுத்துக்கொண்ட நாவல் ஐரா லெவின் எழுதிய ‘தி பாய்ஸ் ஃப்ரம் பிரேசில்’. 1976இல் வெளிவந்த அமெரிக்க நாவல். சென்ற அமர்வின் கடைசியில் நீங்கள் சொன்ன கருத்துகளைக் குறித்து வைத்திருந்தேன். அவை மூன்றாகப் பிரிகின்றன. ‘கீழே வைக்க முடியவில்லை, ஆனால் அறிவியல் வெறும் கற்பனை’ என்றவர்கள் ஒரு பக்கம். ‘ஆஷ்விட்ஸில் செத்தவர்களை வைத்து மர்மக்கதை பண்ணுவதா?’ என்று கோபப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். ‘முடிவு சரியில்லை, அந்தக் கிழவர் செய்தது தவறு’ என்றவர்கள் மூன்றாவது பக்கம். நான் இலக்கிய விமர்சகர் இல்லை. நாகர்கோவிலில் செவிலியர் பட்டயப் படிப்பு முடித்து, இருபது வருடங்களுக்கு மேலாக வார்டுகளில் வேலை செய்கிறவள். அங்கே நின்றுகொண்டு இந்த மூன்று கருத்துகளையும் வரலாற்றோடு வைத்துப் பார்க்கிறேன்.

வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நாஜி மருத்துவன் ஜோசப் மெங்கலே தென்னமெரிக்காவில் ஒளிந்திருக்கிறான். பல நாடுகளில் வாழும் 94 பேரைக் குறிப்பிட்ட தேதிகளில் கொல்ல ஆட்களை அனுப்புகிறான். எல்லோரும் 65 வயதை ஒட்டிய அரசு ஊழியர்கள். நாஜிகளைத் தேடிப் பிடிப்பதற்கே வாழ்க்கையைக் கொடுத்த லீபர்மன் என்ற முதியவர் காரணத்தைத் தேடிப் போகிறார். கொல்லப்படும் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு தத்துப்பிள்ளை இருக்கிறான். எல்லாப் பையன்களுக்கும் ஒரே முகம். ஹிட்லரின் உடல் செல்லிலிருந்து உருவாக்கிய 94 நகல்கள் அவர்கள்.

ஹிட்லரின் தந்தை சுங்க அதிகாரி. 1903இல் 65 வயதில் இறந்தார். மகனுக்கு அப்போது 13 வயது. மரபணு மட்டும் போதாது, வளர்ப்பும் அப்படியே அமைய வேண்டும் என்று கதையின் மெங்கலே நினைக்கிறான். அதனால்தான் அந்த வளர்ப்புத் தந்தைகள் சாக வேண்டியிருக்கிறது. கடைசியில் மெங்கலே சாகிறான். பையன்களின் பெயர்ப் பட்டியல் லீபர்மன் கைக்கு வருகிறது. ‘இவர்களைக் கொன்றுவிட வேண்டும், பட்டியலைக் கொடுங்கள்’ என்று ஓர் இளம் யூத மதகுரு கேட்கிறார். லீபர்மன் கொடுக்க மறுத்து அதை அழித்துவிடுகிறார்.

முதல் கருத்துக்கு வருவோம். அறிவியல் கற்பனைதானா? முட்டையின் உட்கருவை எடுத்துவிட்டு, உடலின் வேறொரு செல்லிலிருந்து எடுத்த உட்கருவை அங்கே வைப்பதுதான் குளோனிங். தலைப்பிரட்டையின் குடல் செல்லை வைத்துத் தவளையில் இது முடியும் என்று ஜான் கர்டன் 1962இல் எழுதினார். லெவின் அங்கிருந்து மனிதனுக்குத் தாவிவிட்டார். அந்தக் காலத்தில் மனிதக் கருவை உடலுக்கு வெளியே உண்டாக்கித் தாயின் வயிற்றில் வைத்துப் பிள்ளை பெறுவதே நடக்காத காரியம்.

ஆனால் நாவல் வந்து இரண்டே வருடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1978இல், ஒரு பணக்காரரைக் குளோனிங் செய்தாகிவிட்டது என்று டேவிட் ரோர்விக் என்ற பத்திரிகையாளர் ஒரு புத்தகம் எழுதி, உண்மைச் சம்பவம் என்றே வெளியிட்டார். பலர் நம்பினார்கள். அந்தப் புத்தகம் புரளி என்று 1981இல் அமெரிக்க நீதிமன்றம் சொன்னது. அதே 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை. அதே ஆண்டில் லெவினின் நாவல் கிரிகரி பெக், லாரன்ஸ் ஒலிவியர் நடித்த படமாகவும் வந்தது. புரளி, நிஜம், கதை மூன்றும் ஒரே வருடத்தில் மக்கள் முன்னால் வந்து நின்றன. அன்றைய வாசகருக்கு எது எதுவென்று குழம்பியதில் வியப்பில்லை. 1996இல் டாலி ஆட்டுக்குட்டி பிறந்த பிறகு நாவலை எடுத்தவர்கள், ‘இருபது வருடம் முன்பே எழுதிவிட்டாரே’ என்றார்கள். டாலிக்காக 277 முட்டைகளில் செய்து பார்த்து, பிழைத்தது ஒரு குட்டிதான். 94 பையன்கள் வேண்டுமென்றால் எத்தனை பெண்களின் உடல் தேவைப்பட்டிருக்கும்? நாவல் அந்தப் பெண்களைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. எனக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

இரண்டாவது கருத்து, ஆஷ்விட்ஸை வைத்து விளையாடலாமா என்பது. இந்தக் கோபம் நியாயமானது. நாவல் வந்தபோது மெங்கலே உயிரோடு இருந்தான். கற்பனையில் இல்லை, நிஜத்தில். அதுவும் பிரேசிலிலேயே, சாவ் பாவ்லோ பக்கத்தில், வேறு பெயரில். லெவின் உட்பட வெளியுலகம் அப்போது இதை அறியாது. 1979 பிப்ரவரியில் கடலில் குளிக்கும்போது இறந்து, அந்தப் பொய்ப் பெயரிலேயே புதைக்கப்பட்டான். 1985இல் கல்லறையைத் தோண்டினார்கள். அது அவன்தான் என்று 1992இல் டி.என்.ஏ. சோதனை உறுதி செய்தது. மரபணுவை வைத்துப் புதிய இனம் படைக்கக் கனவு கண்டவனுக்கு மரபணு செய்து கொடுத்த ஒரே வேலை, எலும்பை அடையாளம் காட்டியதுதான்.

ஆனால் இந்த நாவலில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. லெவின் மெங்கலேயைத் தனி ஒரு பைத்தியக்கார மேதையாகக் காட்டுகிறார். மர்மக்கதைக்கு அது வசதி. நிஜம் அப்படி இல்லை. அவன் இரண்டு முனைவர் பட்டம் வாங்கியவன், ஒன்று மானுடவியலில், மற்றது மருத்துவத்தில். அவனுடைய பேராசிரியர் ஓட்மர் ஃபான் வெர்ஷுவர் பெர்லினில் மனிதப் பாரம்பரியத்தை ஆராயும் பெரிய நிறுவனத்தின் இயக்குநர். ஆஷ்விட்ஸிலிருந்து இரத்தமும் உடல் உறுப்புகளும் அந்த நிறுவனத்துக்குப் போயின. போருக்குப் பிறகு வெர்ஷுவர் சிறைக்குப் போகவில்லை. 1951இல் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் மனித மரபியல் பேராசிரியர் ஆனார்.

இரட்டையரை ஒப்பிட்டுப் பாரம்பரியத்தை ஆராயும் எண்ணமும் ஜெர்மனியில் பிறந்ததல்ல. 1875இலேயே இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் அதை எழுதினார். மனித இனத்தை ஆடுமாடுபோலத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தலாம் என்ற கருத்துக்கு 1883இல் பெயர் வைத்தவரும் அவரே. பாரம்பரிய நோய் உள்ளவர்கள் பிள்ளை பெறக்கூடாது என்று 1933 ஜூலையில் ஹிட்லர் அரசு சட்டம் போட்டது. ஏறக்குறைய 4,00,000 பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். 1939 ஆகஸ்டில் இன்னொரு ஆணை வந்தது. குறையோடு பிறக்கும் குழந்தைகளைப் பற்றி மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். அந்தப் படிவங்களை வைத்தே குழந்தைகளைக் கொன்றார்கள். பிறகு பெரியவர்கள். 1940 தொடக்கத்திலிருந்து 1941 ஆகஸ்ட் வரை 70,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் நச்சுவாயுவில் கொல்லப்பட்டார்கள். அப்படிக் கொலை நடந்த இடங்களில் ஹடமாரும் ஒன்று. அங்கே வாயு நின்ற பிறகும் ஊசியாலும் மாத்திரையாலும் கொலை தொடர்ந்தது. அங்கே தலைமைச் செவிலியாக இருந்த இர்ம்கார்ட் ஹூபருக்கு 1945இல் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் 25 வருடச் சிறை விதித்தது. 1952இல் விடுதலையாகிவிட்டார்.

இதை வாசிக்கும்போது என் கை நடுங்குகிறது. காரணம், அது என்னுடைய வேலை. மருந்தை எடுப்பது, அளவைப் பார்ப்பது, பெயரைச் சரிபார்ப்பது, எழுதி வைப்பது. அவர்களும் அதையேதான் செய்தார்கள். இன்னொரு பக்கமும் உண்டு. லூயிஸ் பிரவுனாகப் பிறக்கப்போகும் கரு பிரிந்து வளர்வதை நுண்ணோக்கியில் முதலில் பார்த்தவர் ஜீன் பர்டி. அவரும் செவிலியாகப் படித்தவர். 1985இல் 39 வயதில் இறந்துபோனார். அவர் பெயரைப் பல வருடம் யாரும் சொல்லவில்லை. ஒரே தொழில், ஒரே மாதிரியான பதிவேடு. பிள்ளைக்காக ஏங்கும் ஒருத்திக்காக அதில் எழுதலாம், பிள்ளையைக் கொல்லவும் எழுதலாம்.

மூன்றாவது கருத்துக்கு வருமுன் ஏவா மோசஸ் கோர் பற்றிச் சொல்ல வேண்டும். ருமேனியாவில் பிறந்த யூதப் பெண். 1944இல், பத்து வயதில், இரட்டைச் சகோதரி மிரியமோடு ஆஷ்விட்ஸுக்கு வந்தாள். இரட்டையர் என்பதால் இருவரையும் மெங்கலேயின் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். ஊசி போட்டார்கள். ஏவாவுக்குக் கடும் காய்ச்சல். பிழைக்க மாட்டாள் என்றார்கள், பிழைத்துவிட்டாள். மிரியமுக்கும் ஊசிகள் போட்டிருந்தார்கள். அவளுடைய சிறுநீரகங்கள் பத்து வயதுப் பிள்ளையின் அளவுக்கு மேல் வளரவே இல்லை என்று வளர்ந்த பிறகு தெரிந்தது. 1987இல் ஏவா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். 1993இல் மிரியம் இறந்தார்.

அந்த ஊசியில் என்ன இருந்தது? கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் மருத்துவர்களுக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். 1984இல் ஏவா, உயிரோடிருக்கும் இரட்டையரைத் தேடிச் சேர்க்க ஓர் அமைப்பைத் தொடங்கினார். தேடியதில் ஒன்று, மெங்கலேயின் கோப்பு. அது கிடைக்கவே இல்லை. 1995இல் நாஜிகளை மன்னிப்பதாக ஏவா ஆஷ்விட்ஸில் நின்று அறிவித்தபோது தப்பிப் பிழைத்த மற்றவர்களில் பலருக்கு அது பொறுக்கவில்லை. மன்னிப்பு என் வேதத்தின் மையம். ஆனாலும் மன்னிக்க முடியாது என்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அது அவர்களுடைய காயம்.

இப்போது லீபர்மனின் பட்டியலைப் பாருங்கள். ‘அந்தப் பையன்களில் ஒருவன் நாளைக்கு ஹிட்லர் ஆகிவிட்டால்?’ என்று கேட்டீர்கள். லெவினும் கடைசிப் பக்கத்தில் அந்தப் பயத்தை விட்டுத்தான் போகிறார். பெரும் கூட்டத்தின் முன்னால் ஒருவன் பேசுவதைப் படமாக வரைந்துகொண்டிருக்கிறான் ஒரு பையன். ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்று வளர்ந்தவர்கள் நாம். ‘இரத்தம் அப்படி’ என்று ஒரு குடும்பத்தையே தள்ளி வைப்பது நமக்குப் புதிதல்ல. வார்டிலும் கேட்கிறார்கள்: ‘சிஸ்டர், இது பரம்பரையா? அவங்க அப்பாவுக்கும் இருந்ததே?’ கேள்வியில் நோய் பாதி, குற்றச்சாட்டு பாதி. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டதும், இருவருமே இல்லை என்று இயேசு சொன்னதும் யோவான் சுவிசேஷத்தில் இருக்கிறது. லீபர்மன் யூதர், அவருக்கு அது வேதமில்லை. ஆனால் அவர் செய்ததும் அதையேதான். பிறப்பை வைத்துப் பிள்ளைகளைக் கொல்வதற்கு ஒரு பட்டியல் வேண்டுமென்றால், அதைக் கேட்பவன் யாராக இருந்தாலும் அது மெங்கலேயின் பட்டியல்தான். ஆகவே முடிவு தவறு என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. நாவலில் மிகச் சரியான இடம் அதுவே.

லீபர்மன் அழித்த பட்டியலும் ஏவா தேடிய கோப்பும் எனக்கு ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தெரியவில்லை. ஒன்று பிள்ளைக்கு எதிராக எழுதியது. மற்றது, நேர்மையாக இருந்திருந்தால், பிள்ளைக்காகப் பயன்பட்டிருக்கும். எது எழுதப்பட்டது என்பதைவிட, யாருக்காக எழுதப்பட்டது, யாரிடம் கேட்டுவிட்டு எழுதப்பட்டது என்பதே கேள்வி. 1947இல் நியூரம்பர்க்கில் 23 பேரை விசாரித்து முடித்த நீதிபதிகள் மனித ஆராய்ச்சிக்குப் பத்து விதிகளை வைத்தார்கள். அதில் முதல் விதி, சம்பந்தப்பட்டவரின் சுய சம்மதம். ஒவ்வொரு அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் நான் சரிபார்க்கும் ஒப்புதல் படிவத்துக்கு அந்தக் கல்லறைகளோடு உறவு உண்டு.

கடைசியாக ஒன்று. 2018 நவம்பரில், கருவிலேயே மரபணு திருத்தப்பட்டுச் சீனாவில் இரட்டைப் பெண்குழந்தைகள் பிறந்துவிட்டதாக ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி அறிவித்தார். மறுபடியும் இரட்டையர். அடுத்த ஆண்டு டிசம்பரில் அவருக்கு மூன்று வருடச் சிறை கிடைத்தது. மூன்றாவது குழந்தை ஒன்றும் பிறந்திருந்தது அப்போது உறுதியானது. அந்தப் பிள்ளைகளின் நிஜப் பெயர் உலகத்துக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. ஆனால் அவர்களுக்குக் காய்ச்சல் வரும் நாளில், கருவில் என்ன செய்தார்கள் என்று முழுதாக எழுதிய கோப்பு அவர்களுடைய மருத்துவர் கையில் இருக்க வேண்டும். அது அந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தமானதாக இருக்க வேண்டும்.

நாவலை வாசித்து முடித்தவர்கள் ‘இது நடக்குமா?’ என்று கேட்டீர்கள். பாதி நடந்தாகிவிட்டது. நடந்தபின் அந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதை இனி நாம் பேசலாம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் சொல்லுங்கள், கேட்கக் காத்திருக்கிறேன்.